எஞ்சின் +7 காட்டுகிறது, ஆட்டமோ டிரா: செஸ் புரோகிராம்கள் எங்கே தடுமாறுகின்றன?

கேள்வி இதுதான்: ஒரு பக்கத்துக்குக் காய்கள் ஏராளமாக இருக்கின்றன. எஞ்சின், அதாவது செஸ் ஆடும் புரோகிராம், அந்தப் பக்கம் வெகுவாக முன்னால் என்று பொருள்படும் +7-ஐக் காட்டுகிறது, ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் அந்த எண் அசையவில்லை. ஆனால் பலகையில் நகர்த்திப் பார்த்தால் எதிராளியின் அரணுக்குள் நுழைய வழியே இல்லை, ஆட்டம் டிராதான். உலக சாம்பியனையும் எளிதாக வெல்லும் புரோகிராமுக்கு இது எப்படித் தெரியாமல் போகிறது?

வேகம் போதாததால் அல்ல. எஞ்சின் தேடுவதே வேறொன்றை. ஒவ்வொரு நிலையிலும் அது கேட்பது “இருப்பதில் எந்த நகர்வு மேலானது?” என்பதை மட்டும். “இந்த நிலையில் இனி ஏதாவது மாற முடியுமா?” என்பது வேறு கேள்வி, அதைக் கேட்கும் பகுதி பெரும்பாலான எஞ்சின்களில் கிடையாது. வெற்றியை நிறுவ ஒரு வழியைக் கண்டுபிடித்தால் போதும். டிராவை நிறுவ வேண்டுமானால் எல்லா வழியும் அடைபட்டிருக்கிறது என்று காட்ட வேண்டும். வழி தேடுவதற்காகக் கட்டப்பட்ட இயந்திரம், வழி கிடைக்காதபோது “இன்னும் கிடைக்கவில்லை” என்ற நிலையிலேயே நிற்கிறது. “வழியே இல்லை” என்ற முடிவுக்கு அது தானாக வருவதில்லை.

அந்த +7 எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். எஞ்சின் நகர்வுகளை மரம்போல விரித்துக்கொண்டே போய், ஓர் ஆழத்தில் நிறுத்தி, அங்கே உள்ள நிலைக்கு ஒரு மதிப்பு போடுகிறது. அந்த மதிப்புகளே மேலே ஏறிவந்து திரையில் தெரிகின்றன. பழைய புரோகிராம்களில் மதிப்பு என்பது காய்களின் கூட்டல் கணக்கும் (சிப்பாய் 1, குதிரையும் பிஷப்பும் 3, யானை 5, ராணி 9) அதன்மேல் சில திருத்தங்களும்தான். இன்றைய முன்னணி எஞ்சினான ஸ்டாக்ஃபிஷில் அந்த வேலையை நியூரல் நெட்வொர்க் செய்கிறது. 15.1 பதிப்பிலிருந்து அதன் +1.00 என்பதற்கு, தன்னோடு தானே ஆடும்போது ஏறக்குறைய 50 சதவீத வெற்றி வாய்ப்பு என்று பொருள். ஆக அந்த எண் புள்ளியியல் சார்ந்தது. இதுபோல் காய் மிகுந்த நிலைகளில் பெரும்பாலும் என்ன நடக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. உங்கள் முன்னால் உள்ள பலகை அந்த ‘பெரும்பாலும்’ என்பதற்கு வெளியே இருந்தால், எண் தவறாகத்தான் வரும்.

எல்லா டிராவிலும் எஞ்சின் தடுமாறுவதில்லை, இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். தொடர் செக், ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நகர்வு எதுவும் இல்லாமல் போவது) தந்திரம், ஒரே நிலை திரும்ப வருவது ஆகியவற்றை இன்றைய எஞ்சின்கள் மனிதர்களைவிடப் பன்மடங்கு நன்றாகக் காண்கின்றன. ஏனென்றால் இவை தேடலுக்குள்ளேயே முடிந்துவிடும். விதிப்படி மூன்று முறை வர வேண்டிய நிலை, தேடலுக்குள் ஒரு முறை திரும்பி வந்தாலே எஞ்சின் அதற்கு 0.00 போட்டுவிடுகிறது. பல நகர்வு நீளும் தொடர் செக் என்றால் பழைய இயந்திரங்களுக்குச் சிரமம் இருந்தது. 1997 மே மாதம் ஐபிஎம்மின் டீப் புளூ கணினிக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்ட நிலையில், ராணியை இ3 கட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தால் தொடர் செக்கில் டிரா கிடைத்திருக்கும் என்று மறுநாள் சொல்லப்பட்டது. அந்த வழியைத் திறந்துவிட்டதே டீப் புளூவின் கடைசி நகர்வுகள்தான். இன்று சாதாரண மடிக்கணினியில் ஓடும் எஞ்சின் அந்த இடத்தில் ஏமாறாது.

காய்கள் குறைந்துவிட்ட முடிவாட்டங்களும் இப்போது சிக்கல் இல்லை. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை எல்லா நிலைகளுக்கும் விடை கணக்கிட்டு டேபிள்பேஸாக வைத்திருக்கிறார்கள். அதிகம் புழங்கும் சிஸிஜி டேபிள்பேஸ் ஐந்து காய் வரை சுமார் 1 ஜிபி, ஆறு காய்க்குச் சுமார் 150 ஜிபி, ஏழு காய்க்குச் சுமார் 17 டெராபைட். ஐந்து, ஆறு காய் கோப்புகளை எஞ்சினோடு இணைத்துவிட்டால் அந்த எல்லைக்குள் டிராவை டிரா என்றே சொல்லும். ஒவ்வொரு காய் கூடும்போதும் அளவு நூறு மடங்குக்கு மேல் பெருகுவதால் இந்த வழியில் தொலைதூரம் போக முடியாது.

மிச்சம் இருப்பதுதான் கோட்டை: ஒரு பக்கம் பலவீனமானது, ஆனால் பலமான பக்கத்தால் உள்ளே வரவே முடியாது. 2017-இல் பென்ரோஸ் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட, இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் புதிரைவிடத் தெளிவான உதாரணம் இதற்கு இல்லை. பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை: ராஜா இ2, சிப்பாய்கள் ஏ2, பி3, சி4, சி6. கறுப்பு: ராஜா ஏ6, ராணி ஏ5, யானைகள் பி5, ஏ4, பிஷப்கள் இ5, எஃப்4, ஜி3, சிப்பாய்கள் ஏ7, பி6, சி5, பி4, ஏ3. வெள்ளை நகர்த்த வேண்டும். காய்க் கணக்கில் கறுப்பு 29 புள்ளி முன்னால் நிற்கிறது.

இப்போது கறுப்பின் காய்களை ஒவ்வொன்றாக நகர்த்த முயலுங்கள். ராணியைச் சுற்றி ஐந்து கட்டத்திலும் சொந்தக் காய்கள். இரண்டு யானைகளுக்கும் நகர இடமே இல்லை. சிப்பாய் ஐந்தும் அடைபட்டவை. ராஜாவுக்கு மிஞ்சிய ஒரே கட்டம் பி7, அதை சி6 சிப்பாய் காக்கிறது. நகரக்கூடியவை மூன்று பிஷப்கள் மட்டுமே, மூன்றும் கறுப்புக் கட்டத்தில் ஓடுபவை. வெள்ளையின் நான்கு சிப்பாய்களும் வெள்ளைக் கட்டத்தில். வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே குறுக்காக நடந்துகொண்டிருந்தால் யாராலும் அதைத் தொட முடியாது. வெள்ளை முக்கியமாகச் செய்யக்கூடாதது: பி5-இலோ ஏ4-இலோ இருக்கும் யானையைச் சிப்பாயால் எடுப்பது. எடுத்தால் ஐந்து புள்ளி வரும், சிறையும் உடைந்துவிடும். காய்க் கணக்கை மட்டும் நம்பும் புரோகிராம் அந்த வலையில்தான் விழும்.

எத்தனை நிலைகளைச் சரிபார்த்தால் இது டிரா என்று நிரூபிக்கலாம்? கறுப்புக் கட்டம் 32-இல் 6-ஐக் கறுப்புக் காய்களே பிடித்திருக்கின்றன, மீதி 26. மூன்று பிஷப்களை 26 கட்டங்களில் வைக்க 2,600 வழிகள். வெள்ளை ராஜாவுக்குக் கிடைக்கும் வெள்ளைக் கட்டங்கள் அதிகபட்சம் 25. பெருக்கினால் 65,000, யார் நகர்த்தும் முறை என்பதையும் சேர்த்தால் 1,30,000. இதில் எந்த நிலையிலும் கறுப்பால் காயெடுக்கவோ சிப்பாயை நகர்த்தவோ செக் கொடுக்கவோ முடியாது. நொடிக்குப் பல லட்சம் நிலைகளைப் புரட்டும் எஞ்சினுக்கு இது ஒரு நொடி வேலைகூட இல்லை. ஆனாலும் இப்படி ஒரு தொகுப்பு மூடியிருக்கிறது என்று அது கண்டுகொள்வதில்லை.

காரணம், தேடல் நடக்கும் விதம். கறுப்பு தோல்வியைத் தேடவில்லை, டிராவையும் தேடவில்லை, +29-ஐக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தேடுகிறது. ஒரே நிலை திரும்பினால் 0.00 ஆகிவிடும், ஆகவே திரும்பாத ஒரு பிஷப் அமைப்புக்குப் போகும். அப்படிப் போக ஆயிரக்கணக்கான அமைப்புகள் உண்டு. தேடல் நிற்கும் இடத்தில் ராணி, யானைகள், பிஷப்கள் எல்லாம் பலகையில் இருக்கும், மதிப்பு பழையபடியே வரும். இதை உடைக்கக்கூடியது 50 நகர்வு விதி ஒன்றுதான். சிப்பாய் நகராமலும் காய் எடுக்காமலும் இருபுறமும் 50 நகர்வு போனால் டிரா கோரலாம். எஞ்சினுக்கு அது 100 அரை நகர்வு (ஒரு பக்கத்தின் ஒரு நகர்வே ஓர் அரை நகர்வு). தேடல் அந்தத் தூரத்தைத் தொடும்வரை பூஜ்யம் கண்ணில் படாது.

சாதாரணக் கோட்டைகளில் நிலைமை இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே பலமான பக்கத்துக்கு ஒன்றிரண்டு சிப்பாய் நகர்வு மிச்சம் இருக்கும். ஒவ்வொரு சிப்பாய் நகர்வும் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடும். மூன்று நகர்வு மிச்சமிருந்தால் டிராவை 150 நகர்வு தள்ளிப்போடலாம். சிப்பாயை இழந்தாவது தள்ளிப்போடலாம், +7 குறைந்து +6 ஆகும், பூஜ்யத்தைவிட +6 மேல்தானே என்று எஞ்சின் கணக்குப் போடும். கெட்ட முடிவைத் தேடலின் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டு, அது இல்லை என்றே எடுத்துக்கொள்ளும் இந்தக் குறையைச் செஸ் புரோகிராம் எழுதுபவர்கள் அடிவானக் கோளாறு என்பார்கள்.

இதனால் ஆட்டமே தோற்றதுண்டு. 2008-இல் இணையத்தில் நடந்த ஒரு பிளிட்ஸ் (அதிவேக) ஆட்டத்தில் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நாகமுரா, அன்றைய முன்னணி எஞ்சினான ரிப்காவுக்கு எதிராகப் பலகை முழுவதையும் சிப்பாய்களால் அடைத்தார். காய்க் கணக்கில் ரிப்கா முன்னால். அடைப்புக்குள் அது காய்களை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தது. 50 நகர்வு விதி நெருங்கியதும் டிராவைத் தவிர்க்கத் தானே அடைப்பை உடைத்தது. ஆட்டம் 271 நகர்வு நீண்டு நாகமுராவின் வெற்றியில் முடிந்தது. டிரா என்று தெரிந்திருந்தால் ரிப்கா அரைப் புள்ளியோடு போயிருக்கும்.

இன்னொரு தொல்லை உள்ளுக்குள் இருக்கிறது. ஒருமுறை ஆராய்ந்த நிலையை மறுபடி ஆராயாமலிருக்க எஞ்சின் அதன் மதிப்பை ஹாஷ் டேபிளில் எழுதி வைக்கிறது. காய்கள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பது அதில் பதிவாகும். எந்தப் பாதையில் அங்கே வந்தோம், 50-இல் எத்தனை நகர்வு கழிந்துவிட்டது என்பது பொதுவாகப் பதிவாகாது. ஆகவே எண்ணிக்கை 5-இல் இருந்தபோது எழுதிய “+7” என்ற குறிப்பை, எண்ணிக்கை 95-இல் இருக்கும்போதும் எடுத்துப் பயன்படுத்தும் ஆபத்து உண்டு. ஸ்டாக்ஃபிஷ் இதை ஓரளவு சமாளிக்கிறது: எண்ணிக்கை 90 அரை நகர்வு அளவுக்குப் போனபின் ஹாஷ் குறிப்பை நம்பித் தேடலை நிறுத்துவதில்லை, எண்ணிக்கை ஏற ஏற மதிப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. கோட்டை நிலையில் புது எஞ்சினின் எண் மெதுவாகத் தேய்ந்துகொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இந்தக் குறைப்புக்கும் பங்கு உண்டு, அதைப் புரிதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நியூரல் நெட்வொர்க் வந்தபின் சரியாகியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். ஓரளவு ஆகியிருக்கிறது. அடிக்கடி வரும் அடைப்பு வகைகளை நெட்வொர்க் பயிற்சியிலேயே பார்த்திருக்கும். லீலா போன்ற எஞ்சின் வெற்றி, டிரா, தோல்வி மூன்றுக்கும் தனித்தனி வாய்ப்பு சொல்வதால், டிராவின் பங்கு உயர்வதை நேரடியாகவே பார்க்கலாம். ஆனால் பயிற்சிக்கான கோடிக்கணக்கான நிலைகளில் ராணி அதிகம் உள்ள பக்கம் வெல்லாத நிலைகள் மிக அரிது. அரிதாக வருவதை நெட்வொர்க் அரிதாகத்தான் கற்கும். பயிற்சியில் வராத அமைப்பு என்றால் அதுவும் காய்களின் பக்கமே சாயும்.

மனிதர்கள் விதியாக மனப்பாடம் செய்வதை நிரலிலேயே எழுதிவைத்த காலமும் இருந்தது. தவறான நிறப் பிஷப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளைக்கு எச் வரிசைச் சிப்பாயும் வெள்ளைக் கட்டத்து பிஷப்பும் மட்டும் இருக்கிறது, கறுப்பு ராஜா எச்8 மூலையைப் பிடித்துவிட்டது. எச்8 கறுப்புக் கட்டம், பிஷப்பால் அதைத் தாக்கவே முடியாது. ஒரே எச் வரிசையில் இரண்டு மூன்று சிப்பாய் இருந்தாலும் டிராதான். ஸ்டாக்ஃபிஷின் பழைய மதிப்பீட்டில் இதற்குத் தனி நிரல் இருந்தது. வழக்கமான அளவுகோல் 64, இந்த நிலை என்றால் 0, பெருக்கினால் மதிப்பு மறைந்துவிடும். எதிரெதிர் நிற பிஷப் முடிவாட்டத்தில் இரண்டு சிப்பாய் அதிகமிருந்தும் வெல்ல முடியாமல் போவதற்கும் இப்படி ஒரு குறைப்பு இருந்தது. 2024 பிப்ரவரியில் வந்த 16.1 பதிப்பில் கையால் எழுதிய மதிப்பீடு முழுவதும் நீக்கப்பட்டு எல்லாம் நெட்வொர்க்கிடம் போய்விட்டது.

கோட்டையைக் கண்டறியும் நிரலைச் சேர்த்துவிட்டால் என்ன? சேர்க்கலாம், ஆனால் எஞ்சின் வளரும் முறை அதற்கு இடம் தருவதில்லை. ஸ்டாக்ஃபிஷில் ஒரு மாற்றம் ஏற்கப்பட வேண்டுமென்றால் ஃபிஷ்டெஸ்ட் என்ற பொதுச் சோதனையில் பழைய பதிப்போடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடித் தேற வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் “இது கோட்டையா?” என்று கேட்க நேரம் செலவாகும், தேடல் சற்று மெதுவாகும், அந்த இழப்பு எல்லா ஆட்டத்திலும் விழும். பலனோ எப்போதாவது வரும் ஆட்டத்தில் மட்டும். கூட்டிக் கழித்தால் மாற்றம் தோற்றுவிடும். போட்டி வலிமையை மட்டும் அளந்தால் இந்த முடிவு நியாயமானதே. ஆய்வுக்கு எஞ்சின் வைத்திருப்பவருக்கு அது சரியான அளவுகோல் அல்ல என்பது என் கருத்து. கோட்டையையும் அடைப்பையும் கண்டறிவதற்கென்றே ஸ்டாக்ஃபிஷிலிருந்து பிரிந்த கிரிஸ்டல் என்ற எஞ்சின் இருக்கிறது. சந்தேகமான நிலையில் அதையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

சரி, உங்கள் முன்னால் +7 காட்டும் ஒரு நிலை இருக்கிறது, உண்மை எப்படி அறிவது? ஏழு காய்க்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், லீசெஸ் தளத்தில் ஏழு காய் டேபிள்பேஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கு மேல் என்றால் எண்ணை மட்டும் பார்க்காமல் அது ஆழத்தோடு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். உண்மையான வெற்றி நிலையில் ஆழம் 20, 30, 40 என்று கூடும்போது மதிப்பும் ஏறும். கோட்டையில் தட்டையாக நிற்கும் அல்லது தேயும். லுப்லியானா பல்கலைக்கழகத்தின் மாதேய் குயிட், இவான் பிராட்கோ இருவரும் கோட்டையைக் கண்டறிய இதே அறிகுறியைத்தான் ஆய்ந்து எழுதினார்கள். கூடவே ஐந்து வரிகளை, அதாவது மேலான ஐந்து நகர்வுத் தொடர்களை, காட்டும்படி எஞ்சினை அமையுங்கள். ஐந்து வெவ்வேறு நகர்வுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு வந்து, காட்டப்படும் வரிகளில் ராஜாவும் ராணியும் போய்வந்துகொண்டே இருந்தால் எஞ்சினுக்குத் திட்டம் இல்லை என்று பொருள்.

எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றும் சோதனை வேறொன்று, ஏனோ பலர் இதைச் செய்வதில்லை. நிலையை எழுதும் ஃபென் வரியில் ஐந்தாவது பகுதி, சிப்பாய் நகர்வோ காய் எடுப்போ இல்லாமல் கழிந்த அரை நகர்வுகளின் எண்ணிக்கை. அதை 80 என்று மாற்றுங்கள், ஹாஷை அழித்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். இப்போது டிரா 20 அரை நகர்வு தூரத்தில்தான் இருக்கிறது, எஞ்சினின் பார்வைக்குள் வந்துவிட்டது. முன்னேற வழியே இல்லையென்றால் எண் 0.00-க்கு விழும். விழவில்லையென்றால், எண்ணிக்கையைத் திருப்ப எந்தச் சிப்பாயை நகர்த்துகிறது அல்லது எந்தக் காயைப் பலி கொடுக்கிறது என்று வரியில் காட்டும். அந்த நகர்வைப் பலகையில் செய்துவிட்டு, புதிய நிலையில் எண்ணிக்கையை மறுபடி 80 ஆக்கி ஓடவிடுங்கள். இப்படி ஒவ்வொரு உடைப்பையும் பின்தொடர்ந்தால் நாலைந்து சுற்றில் ஒன்று செக்மேட்டுக்கான பாதை தெரியும், இல்லையென்றால் எல்லாக் கிளையும் பூஜ்யத்தில் முடியும். ஓர் எச்சரிக்கை: அடுத்த சிப்பாய் நகர்வுக்கு முன் 15, 20 நகர்வு ராஜாவை நடத்திக் கொண்டுபோக வேண்டிய நிதானமான வெற்றிகளை 80 மறைத்துவிடும். 0.00 வந்தால் 60, 40 என்று குறைத்தும் பாருங்கள், ஆழம் அதற்கேற்ப அதிகம் வேண்டும்.

0.00 என்ற எண்ணையும் சரியாகப் படிக்க வேண்டும். இருவரும் பிழையின்றி ஆடினால் டிரா என்பதே அதன் பொருள், டிரா செய்வது எளிது என்பதல்ல. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டத்தில், இருபுறமும் யானையும் பிஷப்பும் இருக்க, குகேஷுக்கு ஒரு சிப்பாய் மட்டும் அதிகம். எஞ்சின் கணக்கில் அது டிரா. 55-ஆவது நகர்வில் அன்றைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்ததும் யானைகளும் பிஷப்களும் பரிமாறப்பட்டு, வெறும் சிப்பாய் முடிவாட்டமாகி, பட்டம் கைமாறியது.

எஞ்சினைத் திருத்தும் உற்சாகத்தில் நாமே கோட்டை என்று முடிவு கட்டிவிடும் அபாயமும் உண்டு. ஒற்றைக் குதிரைக்கு எதிராக இரண்டு பிஷப்கள் என்ற முடிவாட்டத்தில், குதிரையை பி7 போன்ற கட்டத்தில் வைத்து ராஜாவை அருகில் நிறுத்தினால் உடைக்க முடியாது என்று செஸ் ஆய்வாளர்கள் கிளிங்கும் ஹோர்விட்ஸும் 1851-இல் எழுதினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1983-இல் கணினி அறிஞர் கென் தாம்சன் அந்த முடிவாட்டத்தை முழுவதும் கணக்கிட்டபோது, அந்தக் கோட்டையை உடைக்க முடியும் என்றும் பிஷப்கள் பொதுவாக வெல்லும் என்றும் தெரிந்தது. சில நிலைகளில் குதிரையைப் பிடிக்க 66 நகர்வு வரை ஆகும். அதாவது வெற்றி பலகையில் இருக்கிறது, 50 நகர்வு விதி அதைத் தடுக்கிறது. சிஸிஜி இத்தகைய நிலைகளை வெற்றியிலிருந்தும் டிராவிலிருந்தும் பிரித்துத் தனி வகையாகவே குறிக்கிறது. லீசெஸில் பார்க்கும்போது வெற்றி என்பதோடு 50 நகர்வு விதி பற்றிய குறிப்பும் சேர்ந்து வந்தால், போட்டி ஆட்டத்தில் அதை டிரா என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.